பிடிவாதக்காரரை ஆங்கிலத்தில் திட்டுவது எப்படி? மாயாபந்தர் மனுதாரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், மாயாபந்தர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என் டியூஷன் அறைக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஏழாம் வகுப்புப் பையன்கள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், பிடிவாதக்காரன்னு இங்கிலீஷ்ல ஒரு நல்ல வார்த்தை வேணும். படிச்ச உடனே புரியக் கூடாது. புரிஞ்ச பிறகு உறைக்கணும்."

விவகாரம், வேலி. பக்கத்துப் பாக்குத் தோட்டக்காரர் ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஒரு முருங்கைப் போத்தை நட்டுவிட்டார் என்பது அண்ணாச்சியின் கட்சி. பிடுங்கு என்றால் அளந்து காட்டு என்கிறாராம். அளக்கலாம் வா என்றால் மழை விடட்டும் என்கிறாராம். அந்தமானில் மழை எப்போது விட்டது? ஆகவே தாசில் அலுவலகத்துக்கு ஒரு மனு. இந்தியில் எழுதலாம்தான், இங்கே எல்லோருக்கும் பொது மொழி அதுதானே. ஆனால் 'ஜித்தி' என்று எழுதினால் மிட்டாய் கேட்டு அழுகிற பிள்ளையைச் சொன்னதுபோல் இருக்கிறது என்றார் அண்ணாச்சி. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மனுவுக்கு ஒரு கனம் வரும்.

அந்த ஒரு சொல்லுக்காக மூன்று ராத்திரி அகராதியோடு மல்லுக்கட்டினேன். கிடைத்ததை என்னோடு வைத்துக்கொள்வானேன்? இனி மனு எழுதப் போகிறவர்களுக்காக முறைகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். பின்விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.

தன்மையா, முன்னிலையா, படர்க்கையா?

பேனாவைத் திறப்பதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே குணம்தான், ஆனால் யாருக்கு ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இதை வினைச்சொல் வாய்பாடுபோல அடுக்கிக் காட்டினார்: தன்மையில் உறுதி, முன்னிலையில் பிடிவாதம், படர்க்கையில் பன்றித்தலை. நம் பள்ளிகளில் இலக்கணத்தை இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் யார் மறந்திருப்பார்கள்?

மனுவிலும் இந்த வாய்பாட்டை விடாதீர்கள். உங்களைக் குறிப்பிடும் இடத்தில் 'ரெஸொல்யூட்' போடுங்கள், 'ஸ்டெட்ஃபாஸ்ட்' போடுங்கள், துணிந்தால் 'டினேஷியஸ்' போடுங்கள். எதிராளிக்கு 'அப்ஸ்டினேட்'. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதமாகப் பதில் சொல்லாதவருக்கு என்ன போடுவது என்று கேட்காதீர்கள். அவரிடமே அடுத்த மனுவையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

'ரெஸொல்யூட்'டில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. லத்தீனில் அதன் வேருக்கு அவிழ்ப்பது, தளர்த்துவது என்று பொருள். முடிச்சை அவிழ்த்தாயிற்று, குழப்பம் தீர்ந்தது, இனி ஒரே முடிவு என்ற வழியில் அது 'உறுதியான' என்றாகிவிட்டது. அவிழ்ந்துபோனவனை உறுதியானவன் என்கிற மொழியிடம்தான் நாம் நியாயம் கேட்டுப் போகிறோம்.

மிருகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆங்கிலத்தில் பிடிவாதத்துக்கு ஒரு தொழுவமே இருக்கிறது. கோவேறு கழுதையிலிருந்து 'மியூலிஷ்', பன்றியிலிருந்து 'பிக்ஹெடெட்', காளையிலிருந்து 'புல்ஹெடெட்', நாயிலிருந்து 'டாகிட்'. முதல் எச்சரிக்கை பன்றியைப் பற்றி. ஆங்கிலத்தில் அது வெறும் பிடிவாதம். மனுவைப் படிக்கிற யாராவது அதை அப்படியே இந்தியில் பெயர்த்து எதிராளியின் காதில் போட்டால், ஒன்றரை அடி வேலித் தகராறு வெட்டுக்குத்தில் போய் நிற்கும்.

நாய்க்கு அதிர்ஷ்ட ஜாதகம். இடைக்கால ஆங்கிலத்தில் 'டாகிட்' என்றால் நாய்க்குணம் பிடித்தவன், கடுகடுப்பானவன், வன்மம் வைப்பவன் என்று முழுக்க வசைதான். பல நூற்றாண்டு கழித்து அதே சொல், எடுத்த காரியத்தை விடாமல் முடிப்பவனுக்குப் பாராட்டாகிவிட்டது. மனம் வைத்து நாயாய் உட்கார்ந்தால் யாரும் எந்த நேரத்திலும் எழுதலாம் என்ற பொருளில் சாமுவேல் ஜான்சன் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிந்து வைத்திருக்கிறார். மாயாபந்தரில் மீன் இறங்கும் இடத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், பொருள் விளங்கும். பழுப்பு நாய் ஒன்று உண்டு. குரைக்காது, பிச்சை கேட்கிற பார்வையும் பார்க்காது. படகிலிருந்து கூடை இறங்குகிற வரிசையில் தானும் ஓர் ஆளாக நிற்கும். கல் எறிந்தால் எறிந்த தூரத்துக்கு மட்டும் தள்ளிப்போய் அங்கே நிற்கும். கடைசிக் கூடை போன பிறகு யாராவது ஒருவர் தானாகவே ஒரு சூரைத் தலையைப் போட்டுவிடுவார். அது வெற்றிபெற்றதாகக் காட்டிக்கொள்ளவும் செய்யாது.

கோவேறு கழுதையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அதைப் பழக்கியவர்கள் சொல்வது, கால் வைக்கும் இடம் சரியில்லை என்று தோன்றினாலும் சுமை மிஞ்சினாலும் அது நின்றுவிடும் என்பதுதான். அதாவது சுமப்பவருக்கு அது புத்தி, ஓட்டுபவருக்குப் பிடிவாதம். நம்மூர்ச் சண்டிமாடும் இதே ஜாதி. வண்டியில் மூட்டை ஏற்றியவர் வைத்த பெயர்தானே சண்டி? மாட்டைக் கேட்டா வைத்தார்கள்?

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமானால் மாயாபந்தரிலிருந்து மேற்கே பார்க்க வேண்டும். அங்கே இன்டர்வியூ தீவு இருக்கிறது. 133 சதுர கிலோமீட்டர், சரணாலயம், போக அனுமதி வேண்டும். 1950களில் வடக்கு அந்தமானில் மரம் வெட்ட உரிமம் எடுத்த கல்கத்தாக் கம்பெனி ஒன்று, மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தது. 1962இல் தொழில் படுத்தது. கம்பெனி போனது, யானைகளை யார் கூட்டிக்கொண்டு போவது? சுமார் நாற்பது யானைகளை இந்தத் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். வேலை போன பிறகு இன்டர்வியூவுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள் உலகத்தில் இவர்கள் மட்டும்தான்.

அவை காட்டு யானைகளாகிவிட்டன. குட்டி போட்டன, மரப்பட்டையை உரித்துத் தின்று காட்டின் முகத்தையே மாற்றின, இன்றும் அவற்றின் வம்சம் அங்கே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. 1962க்கு முன் அந்த நாற்பதில் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மாவுத்தன், ஏதோ ஒரு காலையில், கட்டை இழுக்க மறுத்ததற்காகப் பிடிவாதம் பிடிச்சது என்று திட்டியிருப்பான். சங்கிலி அவிழ்ந்த அன்றைக்கு அந்தச் சொல்லும் அவிழ்ந்துபோனது. யானை மாறவில்லை, அசைய மனமில்லாதபோது அசையாமல் நிற்கிற அதே யானைதான். ஆனால் எதையும் இழுக்கச் சொல்ல ஆளில்லாத தீவில் ஒரு யானை எப்படிப் பிடிவாதமாக இருக்க முடியும்?

அகராதியின் இந்தப் பக்கம் முழுவதையும் எழுதியவர்கள் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள்தான். ஆகவே மனுதாரரே, மிருகச் சொல் எதையாவது எடுத்தால், கயிறு உங்கள் கையில் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பொருள். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் உங்கள் மாடு இல்லையே என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நிற்பது, உட்காருவது, உதைப்பது

மிருகம் வேண்டாம், கௌரவமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு லத்தீன் இருக்கிறது. லத்தீன்காரர்கள் பிடிவாதத்தை உடம்பின் நிலையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.

'அப்ஸ்டினேட்' நிற்கிறவன். எதிரே வந்து நிற்பது என்பதுதான் அந்தச் சொல்லின் வேரில் உள்ள படம். இதை நான் ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டேன், என் மாமாவின் வாயிலிருந்து. மாமா மரக் கிடங்கில் குமாஸ்தா. கோபம் வந்தால் தமிழ் போய்விடும். 1990களின் தொடக்கத்தில் அத்தையை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது, அத்தை தன் அம்மா வீட்டு அம்மியையும் கொண்டுவருவேன் என்று நின்றாள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும் வரிசையில், இரண்டு பேர் தூக்கும் அந்தக் கருங்கல்லை ஒரு பழைய சேலையில் சுற்றி வைத்துக்கொண்டு, அதன் முன்னால் நின்றாள். "அப்ஸ்டினேட் உமன்!" என்றார் மாமா. அத்தை அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். வேர்ச்சொல்படி மாமா சொன்னது சரிதான், எதிரே நின்றாள் என்று மட்டும்தானே சொன்னார்?

மூன்று நாள் கப்பல். அதன் பிறகு போர்ட் பிளேரிலிருந்து பஸ். (2024இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அத்தை இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறாள். அதற்கு முன்னால் பத்து வருஷம் 'போட்டு பிலேரு' என்று சொல்லிப் பழகியதே பெரும்பாடு என்பாள்.) மாயாபந்தர் அங்கிருந்து 240 கிலோமீட்டர் வடக்கே. ஜிர்காடாங், மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஒரு படகு, பாராடாங், அப்புறம் இன்னொரு படகு, கதம்தலா, ரங்கத், பில்லிகிரவுண்ட். அந்நாளில் ஒவ்வொரு படகுத்துறையிலும் பயணிகள் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அம்மி பஸ்ஸோடு போனது. குழவியை மட்டும் அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். நடத்துனர் மட்டும் தமிழராக இருந்திருந்தால் குழவிக்கு அரை டிக்கெட் போட்டிருப்பார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மி கடலையே தாண்டி நகர்ந்தது. அதை யாரும் அடிக்கவில்லை.

'பெர்சிஸ்டன்ட்' என்பதும் நிற்பதுதான். ஆனால் எதிர்த்து அல்ல, கடைசிவரை. 'அஸிட்யூவஸ்' உட்காருகிறவன், ஒன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்பது அதன் வேர். மனுவின் நிலவரம் கேட்டு வாரம் இருமுறை அலுவலக வராந்தாவில் உட்காரும் அண்ணாச்சிக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி கிடையாது. விடாமுயற்சியுள்ள என்ற நல்ல பொருளும் வந்துவிடுகிறது. நின்றவன் பிடிவாதக்காரன், உட்கார்ந்தவன் உழைப்பாளி. இந்த ஏற்பாட்டை நம் அலுவலகங்களும் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கின்றன.

உட்காருவதாக வேஷம் போடும் சொல் ஒன்றும் உண்டு: 'ஸெட்யுலஸ்'. விடாமல் உழைக்கிறவனுக்குச் சொல்வது. பார்த்தால் அதிலும் உட்காரும் வேர் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதன் வேருக்குச் 'சூதில்லாமல்' என்று பொருள். மனுவில் போடாதீர்கள், பொய் சொன்னதாகிவிடும்.

'ரிகால்சிட்ரன்ட்' உதைப்பவன். லத்தீனில் குதிகாலுக்குரிய சொல்லிலிருந்து வந்தது. பின்னங்காலால் திருப்பி உதைக்கும் மிருகம்தான் மூலப் படம். அடங்க மறுப்பவர்களுக்கு, அரசாங்கத் தாள்களில் அதிகம் புழங்கும் சொல். இதை இந்தத் தீவுகளில் பயன்படுத்தும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1906இல் கட்டிமுடிந்த செல்லுலார் சிறையில் கைதிகளைச் செக்கில் பூட்டினார்கள். மாடு சுற்ற வேண்டிய செக்கை மனிதன் சுற்றி, நாளுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் கொடுக்க வேண்டும். மாட்டின் இடத்தில் ஆளைக் கட்டியாயிற்று. அவன் மாட்டேன் என்றபோது மாட்டுக்குரிய சொல்லையே அவன்மேல் போட்டாயிற்று. 1933 மே மாதம் அங்கே அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டது விளக்கு, படிக்கப் புத்தகம், தின்னத்தக்க சோறு. பிடித்துவைத்துக் குழாய்வழியே பால் ஊற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூன்று பேரும் செத்தார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. நாற்பத்தாறு நாள் கழித்துக் கோரிக்கைகள் ஏற்கப்பட்ட பிறகுதான் சாப்பிட்டார்கள். வேலித் தகராறுக்கு இந்தச் சொல்லை எடுக்க வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கால் சம்பந்தப்பட்ட இன்னொரு வில்லங்கம் 'ரெஸ்டிவ்'. முதலில் இது அசைய மறுக்கும் குதிரைக்குச் சொன்னது. நின்ற இடத்திலேயே நிற்பது என்ற பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளை. அசைய மறுக்கும் குதிரை பக்கவாட்டில் துள்ளும், தலையை உதறும். துள்ளலைப் பார்த்துப் பார்த்து, பொருள் தலைகீழாகி, இன்றைக்கு 'ரெஸ்டிவ்' என்றால் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவன். எதிராளி அசைய மாட்டேன் என்கிறார் என்று எழுத நினைத்து இதைப் போட்டால், அவர் ஓயாமல் அசைகிறார் என்று பொருள்வரும். அதுதானே வேண்டும் என்பார் அதிகாரி, கோப்பு முடிந்தது.

பிடி

தமிழ் இந்த இடத்தில் நேர்மையான மொழி. பிடிவாதம், விடாப்பிடி, உடும்புப்பிடி, குரங்குப்பிடி, முரண்டு பிடிப்பது, அடம் பிடிப்பது என்று எல்லாம் கையில் இருக்கிறது. லத்தீனும் இதே கையைத்தான் நீட்டுகிறது. 'டினேஷியஸ்' என்பதன் வேர் பிடித்திருப்பது. அதற்கு முன்னால் 'முற்றும்' என்ற பொருள்தரும் ஓர் அசை சேர்ந்தால் 'பெர்டினேஷியஸ்', நம் விடாப்பிடிதான். இரண்டுக்கும் ஒரே வேர். ஆனால் முதலாவது பாராட்டு, இரண்டாவது சலிப்பு. பிடி கொஞ்சம் கூடினால் பாராட்டு தீர்ந்துவிடுகிறது.

வேலித் தகராறுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது: குத்தகைக்காரனைக் குறிக்கும் 'டெனன்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நிலத்தைப் பிடித்திருப்பவனும் கருத்தைப் பிடித்திருப்பவனும் சகோதரர்கள். ஒன்றரை அடி நிலத்துக்காக ஒருவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்வது, லத்தீனில் பார்த்தால், சொன்னதையே சொல்வது.

பிடி என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது ஒரு சேற்று நண்டு. மாயாபந்தரைச் சுற்றிச் சதுப்புநிலக் காடு, நண்டுக்குக் குறைவில்லை. காலைக் கட்டித்தான் விற்பார்கள். ஒருநாள் கட்டு தளர்ந்து, நண்டு என் துணிப்பையின் காதைக் கவ்விக்கொண்டது. உதறினேன். உடம்பு கீழே விழுந்து ஓடியது. கொடுக்கு மட்டும் பையிலேயே தங்கிவிட்டது, கவ்விய கவ்வு மாறாமல். நண்டுக்கு அந்தக் கொடுக்கு இனி வேண்டாம், எனக்கும் வேண்டாம், கொடுக்கு மட்டும் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பித்தான் எடுத்தேன். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, "அப்ப அவருக்கு அந்த டினேஷியஸையே போட்டிருங்க" என்றார். இல்லை அண்ணாச்சி, அது நீங்கள் உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது, படர்க்கையில் வராது என்றேன். முகம் மாறிவிட்டது.

கல்

கடினம் பற்றிய சொற்களைச் சுருக்கமாகவே தருகிறேன். அம்மியைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று. 'அப்டியூரேட்' இறுகிப்போனவன். நீடித்த ஆயுளைச் சொல்லும் 'டியூரபிள்' அதற்குச் சொந்தம்; ஆக ஒருவனைத் திட்டும்போதே நெடுங்காலம் உழைக்கும் சரக்கு என்று சான்றும் தந்துவிடுகிறீர்கள். 'ரிஃப்ராக்டரி' உடைத்துக்கொண்டு போகிறவன். இன்று உலைக்குள் பதிக்கும் நெருப்புச் செங்கல்லுக்கும் இதுதான் பெயர். எவ்வளவு காய்ச்சினாலும் உருகாது. ஆளுக்குச் சொன்னால் திட்டு, செங்கல்லுக்குச் சொன்னால் கூடுதல் விலை.

'அடமன்ட்' என்று கேட்டவுடன் நம் காதில் 'அடம்' என்று விழுகிறது. என் டியூஷன் பிள்ளைகள் பாதிப் பேர் அடம் பிடிப்பதிலிருந்துதான் ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று சத்தியம் செய்வார்கள். நான் மறுப்பதில்லை, மனப்பாடம் செய்ய உதவுகிறது. உண்மையில் அது கிரேக்கம். அடக்க முடியாதது என்று பொருள். எல்லாவற்றிலும் கடினமான பொருளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்கள், வைரத்தின் ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து உருமாறி வந்ததுதான். இடைக்காலத்தில் லத்தீன் சொல் ஒன்றோடு குழப்பிக்கொண்டு, விரும்பி இழுக்கும் கல் என்று காந்தத்துக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். முறைத்தால் வைரம், இழுத்தால் காந்தம். அத்தையும் மாமாவும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதை விளக்க எனக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

கழுத்து ஒன்று பாக்கி. 'ஸ்டிஃப் நெக்ட்' எபிரேயத்திலிருந்து பைபிள் வழியாக வந்தது. நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்காத மாடு. தமிழ் வேதாகமத்தில் 'வணங்காக் கழுத்து' என்று மொழிபெயர்த்தவரின் கையை முத்தமிடலாம். ஆங்கிலத்தில் கழுத்துப் பிடிப்புபோல ஒலிப்பது தமிழில் ஒரு ராஜாவுக்குரிய பட்டம்போல ஆகிவிட்டது. மனுவில் போடலாம், எதிராளி கௌரவப்பட்டுப் போத்தைப் பிடுங்கிவிடக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

'இன்ட்ரான்ஸிஜன்ட்' அரசியல் சரக்கு. 1870களில் ஸ்பெயினில் எந்தச் சமரசத்துக்கும் வராத தீவிரக் குடியரசுக் கட்சிக்காரர்களின் பெயரிலிருந்து வந்தது. பாக்குத் தோட்டத்துக்கு அதிகம். 'ஹைட்பவுண்ட்' என்றால் பழமையை விடாதவன் என்று தெரியும். முதலில் அது தீனி போதாமல் தோல் எலும்போடு ஒட்டிப்போன மாட்டைக் குறித்தது. பட்டினி போட்டவனை விட்டுவிட்டு மாட்டைத் திட்டும் அகராதி, மறுபடியும். 'ஆர்னரி' அமெரிக்க வழக்கு, முரட்டுப் பிடிவாதம். 'சாதாரண' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை நாக்குச் சோம்பேறிகள் விழுங்கியதில் பிறந்தது. பிடிவாதம் சாதாரணம்தான் என்று ஒப்புக்கொண்ட ஒரே சொல்.

'கான்டுமேஷியஸ்' பக்கம் போகவே வேண்டாம். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுபவருக்குரிய சொல் அது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் செல்லும் நெடுஞ்சாலையை மூடச் சொன்னது. போன மாதம் அந்தச் சாலை வழியாகத்தான் பஸ்ஸில் வந்தேன். ஜிர்காடாங்கில் வண்டிகள் வரிசையாக நின்று, நேரம் பார்த்து, கூட்டமாகக் கிளம்பின. இந்த அடைமொழி யாருக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்தால், பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தவனையும் சேர்க்க வேண்டிவரும்.

'ஸ்டெட்ஃபாஸ்ட்' போடச் சொன்னேனே, அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இடத்தில் ஊன்றியவன் என்பது அதன் நேர்ப்பொருள், பழைய ஆங்கிலம். ஊருக்குப் பக்கத்தில் வேபியில் இருக்கும் கரென் மக்களுக்கு இது பொருந்தும். 1925இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்கென்று வந்து, அவர்கள் மொழியில் மறைந்த ஊர் என்று பெயர் வைத்து ஊன்றியவர்கள், நூறு வருஷம் ஆயிற்று. ஆனால் இடமே நகர்ந்தால்? 2004 டிசம்பர் 26 காலை இந்தோனேசியாவில் தொடங்கிய பிளவு இதுவரை வந்தது. நிக்கோபார் தாழ்ந்தது, இங்கே வடக்கு அந்தமானின் மேற்குக் கரையும் இன்டர்வியூ தீவும் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பின. பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெளுத்துக் கிடந்தன. ஊன்றியவர்கள் ஊன்றியபடியே இருந்தார்கள், தரைதான் எழுந்து நின்றது. ஒன்றரை அடிக்கு மனு போடுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்தத் தீவில் மூன்று அடி எந்த மனுவும் இல்லாமல் கைமாறியிருக்கிறது.

கடைசியில் என்ன எழுதினோம்?

'ஸ்டபர்ன்' என்று எழுதினோம். மூன்று ராத்திரி தேடியதற்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

காரணம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே சாசர் தன் கதைகளில் வரும் ஐந்து கல்யாணம் செய்த அம்மாளின் வாயில் இந்தச் சொல்லை வைத்துவிட்டார். தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறாள், அதுவும் பெண் சிங்கத்தோடு ஒப்பிட்டு, பெருமையாக. தன்மையில் வந்த அபூர்வம். அதற்கு முன் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் குறிக்கும் 'ஸ்டப்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம். எழுத்தைப் பார்த்தால் பொருந்துகிறது, வரலாற்றைப் பார்த்தால் பொருந்தவில்லை என்கிறார்கள். அறுநூறு வருஷமாகப் பிறந்த ஊரைச் சொல்லாமல் சாதித்துக்கொண்டிருக்கிறது. கல்லுளிமங்கன். தன் பொருளுக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்துகொண்ட சொல்லை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவது?

அண்ணாச்சிக்குத் திருப்தியில்லை. "இது அவருக்கே தெரியுமே சார்" என்றார். இருந்தாலும் கொடுத்துவிட்டு வந்தார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். மழை இன்னும் விடவில்லை, அளக்கவும் இல்லை. ஒன்றரை அடி உள்ளே தள்ளி நட்ட அந்தப் போத்து வேர்பிடித்துவிட்டது. என் தோள் உயரத்தில் வெட்டிய முனையைச் சுற்றி ஏழெட்டுக் கிளை; இலை அடர்ந்து, பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அண்ணாச்சி திண்ணையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை மரத்தை எப்படிப் பிடுங்கச் சொல்வது என்பது அவர் கவலை. பக்கத்துத் தோட்டக்காரரும் அவர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்த அத்தை இரண்டு பேரையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் எட்டிய மட்டும் கொழுந்தாக ஒடித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, "வாடா, தேங்காய் அரைக்கணும்" என்று முன்னால் நடந்தாள்.